சீதா சித்தியின் இரண்டாவது வீடியோ

கொழும்பு பஸ்ஸை விட்டு சுதர்ஷினி ஹட்டனில் இறங்கியபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. அம்மா நாகலெட்சுமி மருந்துக் கடையின் கூரைக்குக் கீழே குடையை மடக்கிப் பிடித்தபடி நின்றாள். கோயிலுக்குக் கட்டுகிற நீலச் சேலையில் வந்திருந்தாள். மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் முதலில் "சாப்பிட்டியா" என்று கேட்கிறவள் இன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

"முதலாளி கடையிலதான் இருக்காரு. கூட்டம் வர்றதுக்கு முந்தி பேசிருவோம். வா."

"தனு?"

"இந்த டவுன்லதான் வேலைக்கு வந்திருக்கா. நாம வந்தது அவளுக்குத் தெரிய வேணாம்."

இருவரும் ஒரே குடைக்குள் நடந்தார்கள். சுதர்ஷினியின் தோள் பாதி நனைந்தது. அம்மா அதைக் கவனித்தும் குடையை நகர்த்தவில்லை.

சுதர்ஷினி கொழும்பில் ஊடகத் தொடர்பாடலில் முதுமாணிப் படிப்பு படிக்கிறாள். மஸ்கெலியாவுக்கு மேலே அவர்கள் வாழ்கிற தேயிலைத் தோட்டத்தில் அதை முதலில் சொன்னபோது, "கொமினிகேஷனா? அதுக்கு எதுக்கு கொழும்பு? டவுன்லயே நாலு கடை இருக்கே" என்றார்கள். போட்டோ கொப்பி எடுத்து, போனுக்கு ரீலோட் போடுகிற கடைகளுக்கு அங்கே அதுதான் பெயர். அன்றைக்கு வீடே சிரித்தது. சீதா சித்திதான் அதிகமாகச் சிரித்தாள்.

சீதாலெட்சுமி அம்மாவுக்குத் தங்கை. புருஷன் நெஞ்சுவலியில் போன பிறகு கொழுந்தெடுத்தே மகள் தனுஷிகாவை வளர்த்தவள். படிப்புக்கு ஒரு குறும்படம் எடுக்க வேண்டும் என்று சுதர்ஷினி விடுமுறையில் வந்து நின்றபோது, மற்றப் பெண்கள் ஒதுங்கினார்கள். சித்தி மட்டும் "என்னை எடு புள்ள" என்று முன்னால் வந்தாள்.

மலையில் வேலை செய்கிற பெண்களுக்கு ஒதுங்க ஓர் இடம் இல்லாததைப் பற்றிச் சித்தி பேசினாள். ஒருத்தி செடிக்குள் குந்தினால் இன்னொருத்தி இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து மறைப்பாகப் பிடிக்க வேண்டும். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா வருவது தெரிந்தால் குயில் மாதிரிக் கூவ வேண்டும். சித்தி கூவியே காட்டினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இந்தச் சங்கடத்துக்குப் பயந்தே பொழுதுக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதைச் சொன்னாள். அப்படியே பழகிப் போய் சண்முகவடிவு அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டதையும் சொன்னாள். சண்முகவடிவும் பக்கத்தில் உட்கார்ந்து தன் வாயால் பேசினாள். பின்னணியில் அவர்கள் குடியிருக்கிற லயத்தின் ஒட்டு வரிசை வீடுகள் தெரிந்தன.

சுதர்ஷினி பயிற்சிக்குப் போகிற இணையச் சேனலில் பிரதாப் என்பவன் அதைப் பார்த்தான். சிரித்ததையும் கூவியதையும் மட்டும் வெட்டியெடுத்தான். கீழே கோமாளி இசை போட்டான். தண்ணீரும் சிறுநீரகமும் போயின. சண்முகவடிவு முழுவதுமாகப் போனாள். அந்தத் துண்டு ஊரெல்லாம் சுற்றியது. யார் யாரோ சித்தியைப் போலக் கூவி ஆடி, அதையும் வீடியோவாகப் போட்டார்கள்.

சித்தி வேலைக்குப் போவதை நிறுத்தினாள். நிச்சயமாகியிருந்த தனுஷிகாவின் கல்யாணமும் அந்தரத்தில் நின்றது. மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்க்கத்தான் இப்போது போகிறார்கள்.

சண்முகராஜாவின் பாத்திரக் கடை கடைவீதியின் நடுவில் இருந்தது. வாசலில் தொங்கிய அலுமினியச் சட்டிகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அவர் எழுந்து வந்து கடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறைக்கு அழைத்துப் போனார். நெற்றியில் விபூதி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. உள்பக்கம் திரும்பி டீ சொன்னார்.

"உக்காருங்க சம்பந்தி."

"இருக்கட்டுங்க முதலாளி" என்றாள் நாகலெட்சுமி. அவர் சம்பந்தி என்று கூப்பிட்டும் அவளுக்கு அந்தச் சொல் வரவில்லை.

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நான் ஒளிச்சு மறைச்சுப் பேசத் தெரியாதவன். கக்கூசு விசயம் எனக்கு ஒரு விசயமே இல்ல. சனம் கொஞ்ச நாளைக்குச் சிரிக்கும், பிறகு வேற ஒண்ணைப் பார்த்துச் சிரிக்கும்."

"அப்ப என்னாங்க?"

"பின்னால லயம் தெரியுது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க ஆளுங்க கண்டியிலயும் மாத்தளையிலயும் இருக்காங்க. பொண்ணு மஸ்கெலியா டவுன்னுதான் சொல்லி வெச்சிருந்தோம். அம்மா சின்னதா கடை வெச்சிருக்காங்கன்னு. இப்ப அந்த வீடியோவைப் பார்த்துட்டு ஆளாளுக்கு போன் பண்றாங்க. நிச்சயத்துல பார்த்த அந்தம்மாதானே இது, லயத்துல இருக்காங்களேன்னு."

நாகலெட்சுமியின் கை சேலைத் தலைப்பைப் பிடித்தது. "நாங்க அப்படிச் சொல்லலையே முதலாளி."

"நீங்க சொல்லல. நாங்கதான் சொன்னோம். எங்க நெலமை அப்படி."

சுதர்ஷினி அம்மாவை முந்திக்கொண்டு கேட்டாள். "இப்ப நாங்க என்ன செய்யணும்?"

"அது நடிப்புன்னு சொல்லணும். உங்க படிப்புக்காக எடுத்த நாடகம், அதுக்காகத்தான் லயத்துல போய் எடுத்தோம்னு அந்தம்மாவே சொல்லணும். அதே சேனல்ல வரணும். அவ்வளவுதான். நான் எங்க ஆளுங்களுக்கு அதைக் காட்டிக்குவேன்."

"சொன்னா?"

"குறிச்ச முகூர்த்தத்துல கல்யாணம். சிவகரன் ஒத்தக் கால்ல நிக்கிறான். எனக்கும் அவன் ஒரே மகன்."

"தனுஷிகாவைக் கேட்டுட்டு..."

அம்மாவின் விரல்கள் சுதர்ஷினியின் முழங்காலை அழுத்தின.

"அந்தப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார் சண்முகராஜா. "சின்னப் புள்ள. அப்புறம், லயம் தெரியாம எடுங்க. உங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா."

வெளியே வரும்போது அவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். மழைக்கு இருக்கட்டும் என்று கடைக் குடையொன்றையும் நீட்டினார். நாகலெட்சுமி வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டாள்.

மஸ்கெலியா பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. நோர்வூட் தாண்டியது. சுதர்ஷினி ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்தாள்.

வெள்ளவத்தையில் அவள் தங்கியிருக்கிற அறையில் இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள். முதல் நாள் எந்த ஊர் என்று கேட்டார்கள். நுவரெலியா என்றாள். ஏரியும் குதிரையும் பூங்காவுமாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவளும் நினைக்கவிட்டாள். "என்னா" என்று கேட்பதை "என்ன" என்று மாற்றிக்கொண்டாள். வகுப்பில் விரிவுரையாளர் அவளுடைய குறும்படத்தைப் பார்த்துவிட்டு, வெளியாட்களால் பொதுவாக இவ்வளவு நெருக்கமாகப் போய் எடுக்க முடியாது, நீ எடுத்துவிட்டாய் என்று பாராட்டினார். அதைக் கேட்டு அவள் அன்று முழுவதும் பூரித்துப் போயிருந்தாள்.

யாரிடமும் சொல்லாத ஒன்றும் இருந்தது. பிரதாப் அந்தத் துண்டை வெட்டி முடித்து எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியபோது அவளும் அங்கேதான் நின்றாள். சித்தி கூவுகிற இடம் வந்தது. அறை முழுவதும் சிரித்தது. அவளும் சிரித்தாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. சிரிப்பு தானாக வந்தது. சித்தி அவ்வளவு வேடிக்கையாக இருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் அம்மா. "முதலாளி முன்னால சொல்லல. திங்கக்கிழமை கொழும்புல இருந்து ஆபீசருமாரு வர்றாங்களாம். மலையில ஒதுங்கிறதுக்கு இடம் கட்டிக் குடுக்கிறதப் பத்தி விசாரிக்க. பொம்பளைங்களை ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேப்பாங்களாம்."

"யாரு வரச் சொன்னது?"

"உன் வீடியோதான். அத்தனை பேரு சிரிச்சதுல யாரோ ஒரு ஆளு கேள்வியும் கேட்டிருக்காங்க. சங்கத் தலைவரு சொன்னாரு."

சுதர்ஷினி அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அப்ப சித்தி நடிப்புன்னு சொன்னா..."

"தெரியும்."

"அவங்க வராமலே போயிருவாங்கம்மா. வந்தாலும் யாரு பேச்சையும் நம்ப மாட்டாங்க."

"தெரியும்னு சொல்றேன்ல." அம்மாவின் குரல் உயரவில்லை. "கக்கூசு இன்னைக்கு வராட்டி இன்னொரு நாளைக்கு வரும். அந்தப் புள்ளைக்கு இன்னொரு மாப்பிள்ளை வருமா? நானும் அந்தச் செடிக்குள்ளதான் வருசக் கணக்கா குந்தினேன். செத்தா போயிட்டேன்?"

பஸ் வளைவில் திரும்பியது. கீழே நீர்த்தேக்கம் மேகத்தின் நிறத்தில் கிடந்தது.

லயத்துக்கு ஏறிப் போகும்போது யாரும் அவளை நிறுத்திப் பேசவில்லை. முன்பெல்லாம் அவள் வந்தால் வாசலுக்கு வாசல் "கொழும்புப் புள்ள வந்துருச்சு" என்று கூப்பிடுவார்கள். இன்றைக்குக் குழாயடியில் நின்ற பெண்கள் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

சித்தி அடுப்படியில் குந்தியிருந்தாள். ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. அக்காவையும் அக்கா மகளையும் கண்டதும் எழவில்லை.

"என்னா சொன்னாரு?"

நாகலெட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள். டவுன் என்று சொல்லிவைத்ததை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். சித்தி ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதினாள். தீ பிடித்தது.

"சிவா என்னா சொல்றானாம்?"

"அந்தப் பையன் உறுதியாத்தான் இருக்கானாம்."

"அப்ப சொல்லிருவோம்."

இவ்வளவு சீக்கிரம் அந்தப் பதில் வரும் என்று சுதர்ஷினி எதிர்பார்க்கவில்லை. வழியெல்லாம் அவள் வேறு பேச்சுகளைத் தயார் செய்திருந்தாள்.

"சித்தி, திங்கக்கிழமை..."

"தலைவரு வந்து சொல்லிட்டுப் போனாரு. என்னைத்தான் முதல்ல கேப்பாங்களாம்." சித்தி முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சுதா. அன்னைக்கு வடிவக்காவும் பேசுச்சே. அது ஏன் வரல?"

"வெட்டிட்டாங்க."

"யாரு?"

"ஆபீசுல."

"நீ எங்க இருந்தே?"

புகை கண்ணைக் கரித்தது. சுதர்ஷினி துடைத்துக்கொண்டாள். "அங்கதான் இருந்தேன் சித்தி."

சித்தி ஊதுகுழலைக் கீழே வைத்தாள். எழுந்து சேலை மாற்றப் போனாள்.

நிச்சயதார்த்தத்துக்குக் கட்டிய மெரூன் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். லயம் தெரியாத இடம் வேண்டும். கோயில் வாசலில் வேண்டாம் என்று சித்தியே சொல்லிவிட்டாள். அங்கே நின்று பொய் சொல்ல மாட்டாளாம். கடைசியில் பிள்ளைக்காம்பராவின் பின்பக்கம் போனார்கள். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற அந்தக் கட்டடத்துக்கு அண்மையில்தான் மஞ்சள் சாயம் அடித்திருந்தார்கள். சனிக்கிழமைப் பகலில் அது பூட்டியிருந்தது. சுவர் மட்டும் தெரிகிற மாதிரி நின்றால் எந்த ஊர் வீடு என்றும் சொல்லலாம்.

சுதர்ஷினி போனைக் கையில் பிடித்தாள். பிறகு அதை ஒரு கட்டையில் சாய்த்து வைத்தாள்.

"என்ன சொல்லணும்னு ஒருக்கா சொல்லிப் பார்ப்போமா சித்தி?"

"வேணாம். எடு."

சிவப்புப் புள்ளி எரிந்தது. சித்தி முந்தானையை இழுத்துவிட்டு நேராகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். மலையில் சிரித்த அதே சிரிப்பு.

"வணக்கம். என் பேரு சீதாலெட்சுமி. குயில் மாதிரிக் கூவினேனே, அந்தப் பொம்பள நான்தான். எல்லாரும் பார்த்திருப்பீங்க. அது எங்க அக்கா மக படிப்புக்காக எடுத்த நாடகம். லயத்துல போய் எடுத்தோம். அவ சொல்லச் சொன்னத நான் சொன்னேன், அவ்வளவுதான். நெசம்னு நெனைச்சிட்டீங்க. அந்தத் தோட்டத்துல பொம்பளைங்களுக்கு எல்லா வசதியும் இருக்கு. யாருக்கும் ஒரு குறையும் இல்ல. வணக்கம்."

தடங்கல் இல்லை. ஒரு சொல் கூட இடறவில்லை. நாகலெட்சுமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சித்தி, கடைசியில சொன்னது வேணாமே. வசதி இருக்கு, குறை இல்லங்கிறது. அதை அவரு கேக்கல."

"இருக்கட்டும். பொய் சொல்றதுன்னா முழுசா சொல்லணும். பாதி சொன்னா யாரு நம்புவா."

"நான் அதை மட்டும் வெட்டிடறேன்."

"நான் பேசினதுல இனி எதையும் வெட்டாதே" என்றாள் சித்தி. கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பாகச் சொன்னாள். சொல்லிவிட்டு லயத்துப் பக்கம் நடந்தாள்.

சுதர்ஷினி வெட்டவில்லை.

தோட்டத்திலிருந்து வீடியோ அனுப்புகிற அளவுக்கு சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றுதான். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு மேலே இருக்கிற வளைவு. அங்கே போய் நின்று அனுப்பினாள். அனுப்பி முடிய வெகுநேரம் பிடித்தது. பிரதாப் உடனே கூப்பிட்டான்.

"சுதர்ஷினி, என்னம்மா இது? நான் எதிர்பார்க்கவே இல்லை. இது முதல் வீடியோவை விட நல்லா ஓடும்."

"அப்படியே போடுங்க பிரதாப். இசை ஒண்ணும் வேணாம்."

"இசையே தேவையில்லை. தலைப்பே போதும். ‘நம்மை எல்லாரையும் ஏமாற்றிய தேயிலைத் தோட்டத்து ஆன்ட்டி.’"

"வேணாம். அப்படிப் போடாதீங்க. ஏமாத்தினாங்கன்னு போடக் கூடாது."

"ஏன், அவங்களே சொல்றாங்களே நடிச்சேன்னு."

பிரதாப் நல்ல மனநிலையில் இருந்தான். பயிற்சி முடிந்ததும் அவளை நிரந்தரமாக எடுத்துக்கொள்வது பற்றி மேலே பேசியிருப்பதாகச் சொன்னான். அவள் போனை வைத்தபோது நிறுவையின் கொக்கி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த மலையில் மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது.

அவள் வீட்டுக்குத் திரும்பும் முன்பே வீடியோ லயத்துக்கு வந்துவிட்டது. குழாயடியில் யாரும் இல்லை. கதவுகள் சாத்தியிருந்தன. உள்ளே அங்கங்கே சித்தியின் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

விளக்கேற்றுகிற நேரத்தில் சண்முகவடிவு வந்தாள்.

சுதர்ஷினிக்கு முதலில் ஆளே அடையாளம் தெரியவில்லை. முகமும் காலும் வீங்கியிருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து அன்று மத்தியானம்தான் விட்டிருந்தார்கள். மருமகள் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனாள். சண்முகவடிவு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கிடந்த பலகையில் சுவரைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள்.

"உள்ள வாக்கா" என்றாள் சித்தி.

"வேணாம் சீதா. மூச்சு வாங்குது. இங்கனயே இருக்கேன்." சுதர்ஷினியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "நீயும் வந்துட்டியா புள்ள. நல்லதாப் போச்சு. திங்கக்கிழமை வர்றாங்களாமே. வார்டுல இருந்த நர்சம்மா சொன்னாங்க, உங்க தோட்டத்தைப் பத்தித்தான் பேச்சாம்னு. எனக்கு அப்பவே பாதி நோவு போயிருச்சு."

சண்முகவடிவு மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள்.

"சீதா, உன்னைக் கேக்கிறப்ப என் பேரையும் சொல்லு. கூச்சப்படாதே. என்னைக் கூப்பிட்டா நானும் காலைக் காட்டுவேன். துண்டுச் சீட்டு எழுதிக் குடுத்திருக்காங்க, வாரத்துக்கு ரெண்டு நாளைக்கு மெசின்ல ரத்தம் சுத்தம் பண்ணணுமாம். எனக்கு இனி ஒண்ணும் வேணாம். என் மருமவ இப்பத்தான் மலை வேலைக்குப் பேரு பதிஞ்சிருக்கா. அவளாவது தண்ணி குடிச்சிட்டு வேலை செய்யட்டும்."

லயத்துக் காம்பராக்களுக்கு நடுவில் சுவர் இருக்கிறது, ஆனால் கூரைவரை போகாது. பக்கத்து வீட்டில் யாரோ போனைத் திறந்தார்கள். சித்தியின் சிரிப்பு சுவருக்கு மேலே ஏறி இந்தப் பக்கம் இறங்கியது.

சண்முகவடிவு காது கொடுத்தாள். "அது உன் வீடியோதானே. இன்னும் பார்க்கிறாங்களே" என்று சிரித்தாள்.

சித்தி எழுந்து பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டப் போனாள். அதற்குள் குரல் வந்துவிட்டது. நாடகம் என்றது. அவ சொல்லச் சொன்னத நான் சொன்னேன் என்றது. யாருக்கும் ஒரு குறையும் இல்ல என்றது.

சண்முகவடிவின் சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் முகத்தில் இருந்தது. பிறகு அது எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் தன் வீங்கிய காலைப் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள்.

"தனுவுக்காகவா?"

சித்தி தலையசைத்தாள்.

"மாப்பிள்ளை வீட்ல கேட்டாங்களா?"

"ஆமாக்கா."

"எனக்குப் பொம்பளப் புள்ள இல்ல" என்றாள் சண்முகவடிவு. "இருந்திருந்தா நானும் சொல்லியிருப்பேனோ என்னமோ. உன்னைக் குத்தம் சொல்ல வரல சீதா. ஆனா நான் திங்கக்கிழமை போவேன். நடந்ததைச் சொல்லுவேன். நீ சொன்னது பொய்யின்னும் சொல்லுவேன்."

"அக்கா..." நாகலெட்சுமி முன்னால் வந்தாள். "நீ அப்படிச் சொன்னா கல்யாணம் போயிரும்க்கா."

"தெரியும் நாகு. நான் சொல்லாட்டி என்னா போகும்னும் தெரியும்." அவள் சுதர்ஷினியின் பக்கம் திரும்பினாள். "புள்ள, எனக்குப் பேச வராது. ஆபீசருமாரைக் கண்டா வாய் கட்டிக்கும். அன்னைக்கு உன் போன்ல நல்லாப் பேசினேனே. அது இருக்குமா? இருந்தா அதை அவங்களுக்குக் காட்டினாலே போதும்."

அது இருந்தது. முழுவதும் இருந்தது. போனிலும் மடிக்கணினியிலும் இருந்தது. சுதர்ஷினி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணால் கெஞ்சினாள். சித்தியைப் பார்த்தாள். சித்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்திக்கு நான் செய்ததை இனி மாற்ற முடியாது, தனுவின் கல்யாணமாவது நடக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"இல்ல பெரியம்மா. அழிஞ்சு போச்சு."

"அழியல பெரியம்மா."

குரல் படியிலிருந்து வந்தது. தனுஷிகா நனைந்துபோய் நின்றாள். வேலைக்குக் கட்டிய சேலையின் கரை முழுவதும் சேறு. எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"எடுத்த அன்னைக்கே அக்கா எனக்கு அனுப்பினாங்க. முழுசா இருக்கு. நீங்க பேசினதும் இருக்கு."

"தனு, உள்ள போ" என்றாள் சித்தி.

தனுஷிகா போகவில்லை. "சிவா வீட்டுல கூப்பிட்டாங்கம்மா. வேலை விட்டதும் போனேன். எல்லாரும் டீவியில போட்டு உன்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க. திரும்பத் திரும்பப் போட்டாங்க. அவங்க அம்மா சொன்னாங்க, லயத்து ஆளுங்களுக்கு நடிக்க யாரு சொல்லிக் குடுக்கணும், பொறக்கிறப்பவே வருமேன்னு. சிவாவும் சிரிச்சான்."

பக்கத்து வீட்டுப் போன் நின்றது. அங்கேயும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீ என்னா சொன்னே?" என்று கேட்டாள் சித்தி.

"ஒண்ணும் சொல்லல. டீ குடுத்தாங்க, குடிச்சேன். கப்பைக் கழுவி வெச்சிட்டு வந்தேன்."

சண்முகவடிவு சுவரைப் பிடித்து எழுந்தாள். அவளுக்கு எழுவது கஷ்டமாக இருந்தது. யாரும் கைகொடுக்கவில்லை என்பதைச் சுதர்ஷினி பிறகுதான் உணர்ந்தாள்.

"தனு, அதை எனக்குக் குடுப்பியா கண்ணு?"

தனுஷிகா பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தாள். அதற்குள் சித்தி இருவருக்கும் நடுவில் வந்துவிட்டாள். மெரூன் சேலையை இன்னும் மாற்றவில்லை. வலது கையை மகளிடம் நீட்டினாள். கொழுந்துக் கறை ஏறி விரல் நுனிகள் கறுத்துப்போன கை.

"போனைக் குடு."

"அம்மா, அவன் சிரிச்சான்மா."

"சிரிக்கட்டும். எல்லாரும்தான் சிரிச்சாங்க." சித்தி இன்னும் ஓரடி நெருங்கினாள். "நான் இன்னைக்கு ஊரு முன்னால பொய்க்காரியாயிட்டேன். வடிவக்கா முகத்துல இனி முழிக்க மாட்டேன். அவ்வளவையும் உனக்காகச் செஞ்சிட்டேன் தனு. அது ஒண்ணுமில்லாமப் போகக் கூடாது. குடு."

தனுஷிகா போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். கொடுக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. சுதர்ஷினி ஓரெட்டு முன்னால் வைத்தாள். யாருடைய பக்கம் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.